முதலில் கண்ணுக்குத் தெரியட்டும்: எடை குறைந்த ரிவால்வரின் சைட்டைச் சீரமைப்பது

பையிலோ இடுப்பு உறையிலோ நாள் முழுக்கக் கிடக்கும் சிறு ரிவால்வரின் சைட், வசதியாகக் குறி பார்க்க வேண்டும் என்று நினைத்து வடிவமைக்கப்பட்டதல்ல. துணியில் மாட்டாமல் சட்டென்று வெளியே வர வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் முதல் கவலை. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெசன் 1950-இல் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் அதன் பிரேமை அலுமினியக் கலவையில் செய்து ‘ஏர்வெயிட்’ வரிசையைத் தொடங்கியது. எஃகில் 550 கிராம் இருந்த துப்பாக்கி, இன்றைய மாடல் 642-இல் ஏறக்குறைய 410 கிராம். ஸ்காண்டியம் கலவையில் வந்த 340பிடி 330 கிராம்தான். ரூகர் 2009-இல் வெளியிட்ட எல்சிஆர் இரண்டுக்கும் இடையில், 380 கிராம் அளவில் நிற்கிறது. எடை இப்படிக் குறைந்துகொண்டே போன காலத்தில் சைட் மட்டும் பெரிதாக மாறவில்லை. பிரேமின் முதுகில் உழுத சால் போல ஒரு காடி, குழல் நுனியில் சரிவாக ஏறும் ஒரு சிறு மேடு, அவ்வளவுதான். இந்தச் சைட்டை நமக்கு ஏற்றபடி மாற்றுவதில் எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிவரை தொடாமல் விடுவது என்பதே இந்த அத்தியாயத்தின் பேச்சு. என் வாதம் இது: இவ்வகைத் துப்பாக்கியின் சைட்டில் உள்ள குறை பெரும்பாலும் துல்லியக் குறை அல்ல, தெரியாத குறை. ஆகவே முன்சைட்டைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதுதான் முதல் வேலை. அழித்துவிட்டு மறுபடி செய்யக்கூடிய மாற்றங்களிலிருந்து தொடங்க வேண்டும். உலோகத்தில் அரம் படுவது, காகித இலக்கு சாட்சி சொன்ன பிறகுதான்.

எந்த வேலைக்கும் முன்னால் ஒன்று. சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்து, விரல் நுனியால் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். வேலை நடுவே எழுந்து போய்த் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

சைட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் முதல் மறுப்பு, “மூன்று மீட்டரில் நடக்கிற காரியத்துக்குச் சைட் எதற்கு?” என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பின்காடிக்கும் முன்சைட்டுக்கும் உள்ள இடைவெளியை 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் துப்பாக்கியில் ஸ்கேல் வைத்து அளந்தால் சில மில்லிமீட்டர் கூடவோ குறையவோ வரும். முன்சைட் காடியின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் 3 மீட்டர் தொலைவில் குண்டு 33 மி.மீ. விலகும், 7 மீட்டரில் 78 மி.மீ., 15 மீட்டரில் 167 மி.மீ. சைட்டுகளுக்கு நடுவே 200 மி.மீ. இடைவெளி உள்ள ஒரு நீளக்குழல் ரிவால்வரில் அதே 1 மி.மீ. பிசகு 7 மீட்டரில் 35 மி.மீ. மட்டுமே. ஆக, மூன்று மீட்டர் என்று சொல்பவர் மூன்று மீட்டரைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் தொலைவைத் தேர்ந்தெடுப்பவர் அவர் அல்ல. ஓர் அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஒரு கார் நிறுத்துமிடத்தின் இரண்டு வரிசைகளுக்கு இடையே என்று தொலைவு ஏழு, பத்து மீட்டருக்குப் போய்விட்டால் கைப்பழக்கம் மட்டும் போதாது. சிலிண்டரில் இருப்பது ஐந்து தோட்டா. ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சுட்டவரே பொறுப்பு. தவிர, சைட்டை நிதானமாகப் பார்க்க நேரமில்லாதவருக்குத்தான் பளிச்சென்ற முன்சைட் அதிகம் தேவை. கண் ஓரத்தில் ஒரு நிறப்பொட்டு தெரிந்தாலே துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

சரி, ஏன் தெரியவில்லை? இதற்கும் அளவைக் கொண்டே விடை சொல்லலாம். பழைய சீஃப்ஸ் ஸ்பெஷல்களின் முன்சைட் 2.5 மி.மீ. அகலம் இருந்தது. பின்னால் அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. ஆனது. கையை நீட்டிப் பிடித்தால் முன்சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய 65 செ.மீ., பின்காடி 56 செ.மீ. காடியும் அதே 3.2 மி.மீ. அகலம் என்றால், அது கண்ணுக்கு அருகில் இருப்பதால் கொஞ்சம் அகலமாகத் தோன்றும். அந்த வித்தியாசம்தான் முன்சைட்டின் இரு பக்கமும் ஒளிக்கீற்றாகத் தெரிய வேண்டும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு பக்கக் கீற்றும் ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்த 0.4 மி.மீ. தடிமனுள்ள நூல் அளவுக்குத்தான் வரும். நல்ல பார்வை உள்ள கண் ஒரு மீட்டரில் பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.3 மி.மீ. எனவே வெளிச்சமான சுடுதளத்தில், இருபத்தைந்து வயதுக் கண்ணுக்கே இது விளிம்பில் நிற்கிற காரியம். நாற்பதைத் தாண்டினால் விழிலென்சு இறுகத் தொடங்கி, கைநீளத்தில் இருப்பது மங்கும். வாசிப்புக் கண்ணாடி 40 செ.மீ. தொலைவுக்குப் போடப்பட்டது, அதுவும் இங்கே உதவாது. முன்சைட்டின் தொலைவுக்கென்றே கண்ணாடி செய்துகொள்ளலாம்தான். ஆனால் சுடுதளத்துக்கு மாட்டிக்கொண்டு போகும் கண்ணாடி, தேவைப்படும் வேளையில் முகத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் கோடு கூர்மையாக இருப்பதைவிட, கோடு மங்கினாலும் நிறம் மங்காமல் இருப்பது முக்கியம்.

அந்த நிறத்துக்குப் போவதற்கு முன்னால் காசே ஆகாத ஒரு சோதனை இருக்கிறது. 642 போன்ற வெள்ளிநிறத் துப்பாக்கியில் முன்சைட்டும் வெள்ளி, பின்காடியைச் சுற்றிய பிரேமும் வெள்ளி. உச்சிவெயிலில் முன்சைட்டின் சரிவில் ஒளி பட்டுத் தெறித்தால் அதன் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். சரிவின் குறுக்கே வெட்டியிருக்கும் சிறு வரிகள் இந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான், ஆனால் அவையும் ஓரளவுதான் உதவும். காடியின் இரு கன்னங்களையும், கண்ணைப் பார்க்கும் பக்கம் மட்டும், அழியாத கறுப்பு மார்க்கரால் பூசிப் பாருங்கள். சுவர் பக்கம் துப்பாக்கியை நீட்டிப் பிடித்தால் அந்த நிமிடமே காடியின் வடிவம் எழுந்து நிற்கும். போட்டிச் சுடுநர்கள் இதைப் பல தலைமுறைகளாகச் செய்துவந்தார்கள். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு எரியும் சிறு விளக்கின் புகையில் சைட்டைக் காட்டிக் கரி ஏற்றுவார்கள். மார்க்கர் அதே கரியின் இன்றைய வடிவம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்பதுதான் இதன் பெரிய வசதி. பின்பக்கம் கறுத்து முன்பக்கம் பளிச்சிட்டால் பாதி வேலை முடிந்தது. பின்காடியில் வெள்ளைப் பொட்டுகள் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று பொட்டுகளைக் கண்டால் கண் மூன்றையும் தேடும். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்றைத் தேடும் கண்.

முன்சைட்டுக்கு என்ன நிறம்? பலரும் முதலில் எடுப்பது சிவப்பு. கடைப்படத்தில் அதுதான் எடுப்பாகத் தெரியும். ஆனால் கண்ணின் இயல்பு வேறு கதை சொல்கிறது. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிக எளிதாக உணர்வது 555 நானோமீட்டர் அருகில் உள்ள மஞ்சள் கலந்த பச்சையை. வெளிச்சம் குறையக் குறைய அந்த உச்சம் நீலப்பச்சைப் பக்கம், 507 நானோமீட்டருக்கு நகர்கிறது. செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்த மாற்றம் இது. அந்தி வேளையில் தோட்டத்தில் நின்றால் செம்பருத்தி கறுத்துவிட, இலை இன்னும் வெளிறித் தெரிவதும் இதனால்தான். சிவப்புப் பூசிய முன்சைட் அந்தியில் கறுப்பு முன்சைட்டாகவே ஆகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை ஆண்களில் கணிசமானோருக்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைப் பச்சை, அதாவது ஒளிரும் மஞ்சட்பச்சைதான் பொதுவாக நல்ல தேர்வு. புல்வெளியும் மரங்களும் சூழ்ந்த இடத்தில் பெரும்பாலும் பகலில் பயிற்சி செய்பவருக்கு ஒளிரும் ஆரஞ்சு சற்றுக் கூடுதல் பலன் தரலாம். இரண்டையும் வாங்கி ஒரு வாரத்துக்கு ஒன்றாகப் பூசிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் நெயில் பாலிஷே இதற்குப் போதும், அமெரிக்கச் சுடுநர்கள் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பூசுவதில் ஒழுங்கு முக்கியம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் சரிவை நன்றாகத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். வரிகளின் பள்ளத்தில் எண்ணெய் ஒளிந்திருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் வெள்ளை ஒரு பூச்சு. இந்த வெள்ளையை விட்டுவிட்டால் எஃகின் சாம்பல் நிறம் அடியிலிருந்து எழுந்து எந்த ஒளிர்நிறத்தையும் சேறாக்கிவிடும். வெள்ளை முழுதாகக் காய்ந்த பிறகு நிறத்தைப் பல்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டு, மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக. ஒரே பூச்சாகக் கனமாக வைத்தால் சரிவின் அடியில் வழிந்து திரண்டு நிற்கும். கடைசியில் நிறமற்ற பூச்சு ஒன்று. நிறம் எங்கே முடிய வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சரிவின் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டு மேல்விளிம்பில் 1 மி.மீ. வெறும் உலோகமாக விட்டால், அவசரத்தில் கண் எடுத்துக்கொள்வது பொட்டின் தலையை, உலோகத்தின் தலையை அல்ல. பொட்டின் தலையைக் காடியின் மேல்மட்டத்துக்குச் சமமாக வைத்ததும் முன்சைட் 1 மி.மீ. உயர்ந்துவிடும், முன்பு போட்ட கணக்கின்படி 7 மீட்டரில் குண்டு 78 மி.மீ. மேலே போகும். துப்பாக்கி மேலே சுடுகிறது என்று நினைத்து, சுட்டவர் இல்லாத குறைக்குத் தீர்வு தேடத் தொடங்குவார். நிறம் மேல்விளிம்பு வரை ஏற வேண்டும், அந்த விளிம்பு பிளேடால் சீவியதுபோல் நேராக இருக்க வேண்டும். கீழே எங்கே முடிந்தாலும் பரவாயில்லை. நெயில் பாலிஷ் அசிட்டோனில் கரையும், துப்பாக்கி துடைக்கும் கரைப்பான்கள் சிலவற்றிலும் உரியும். அதைக் குறை என்று பார்ப்பவர் உண்டு. எனக்கு அது வசதியாகவே படுகிறது.

பூச்சுக்கு அடுத்த படி முன்சைட்டையே மாற்றுவது. இது எல்லாத் துப்பாக்கிக்கும் வாய்க்காது. வழக்கமான 642-இல் முன்சைட் குழலோடு ஒரே உடம்பு, கழற்ற ஒன்றுமில்லை. எல்சிஆரிலும் 340பிடியிலும் அது தனித்துண்டு, குறுக்கே ஓர் ஆணி அடித்துப் பிடித்திருக்கும். ஆணியைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுப்பதைப் பார்த்தால் எளிதாகத் தோன்றும். துப்பாக்கி மரத்துண்டிலோ தோல் சுற்றிய வைஸிலோ ஆடாமல் அமர்ந்திருக்க வேண்டும், பஞ்ச் ஆணியைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும், அடி சிறு சுத்தியலின் தட்டாக இருக்க வேண்டும். 340பிடியின் குழல், எஃகுக் குழாய் ஒன்றின் மேல் இலேசான கலவை உறையைப் போர்த்தியது. முரட்டு அடி அந்த உறையில் வடுவாகும். மாற்றுச் சைட்டுகள் சிலவற்றில் பீடத்தை அரத்தால் இழைத்துப் பொருத்தவும், ஆணித்துளையைப் பொருத்திய பிறகே போடவும் வேண்டியிருக்கும். கையில் டிரில் ஸ்டாண்டு இல்லாதவர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுப்பது நல்லது. புதுச் சைட்டின் உயரத்தைப் பழையதோடு ஒப்பிட்டு வெர்னியரில் அளந்து குறித்துவைக்காமல் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் குண்டு விழும் இடத்தை 7 மீட்டரில் கிட்டத்தட்ட 4 செ.மீ. மாற்றும்.

என்ன வகைச் சைட் என்பதில் இரண்டு பெயர்கள் அதிகம் அடிபடும். ஒளியிழைச் சைட், சுற்றியுள்ள வெளிச்சத்தை உடம்பெங்கும் வாங்கி நுனியில் திரட்டிக் காட்டும். பகலில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. இருட்டில் வாங்குவதற்கு வெளிச்சம் இல்லாததால் அணைந்துவிடும், பையில் சாவிக்கொத்தோடு உரசினால் இழை உடையவும் உடையும். டிரிடியம் சைட்டில் கண்ணாடிச் சிமிழ் ஒன்றில் டிரிடியம் வாயு அடைத்து, உட்சுவரில் ஒளிர்பொருள் பூசியிருப்பார்கள். வாயு சிதைந்து வெளியிடும் எலெக்ட்ரான்கள் பட்டு அது தானாக ஒளிரும், பேட்டரி வேண்டாம். ஆனால் டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. இன்று வாங்கியது பன்னிரண்டு ஆண்டில் ஏறக்குறைய பாதியாக மங்கியிருக்கும். பழைய துப்பாக்கியை வாங்குபவர் சைட்டின் வயதைக் கேட்டு வாங்க வேண்டும். “இரவில்தான் ஆபத்து, ஆகவே டிரிடியம்தான்” என்ற வாதத்தில் பாதிதான் உண்மை. ஒளிரும் பொட்டு துப்பாக்கியைக் காட்டுமே தவிர, எதிரே நிற்பது யார் என்பதைக் காட்டாது. அது தெரியாமல் விசையில் விரல் போகவே கூடாது. அதற்கு வேண்டியது கைவிளக்கு. கைவிளக்கை அடித்த மாத்திரத்தில் டிரிடியத்தின் மெல்லிய பச்சை அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும், முன்சைட் நிழலுருவாக எழும். டிரிடியத்துக்கு உரிய வேளை அந்திக்கும் முழு இருட்டுக்கும் நடுவில் உள்ள இடைப்பொழுது, இலக்கு அடையாளம் தெரிந்து சைட் தெரியாத நேரம். அந்தப் பொழுது உண்மையானதுதான். சிமிழைச் சுற்றி ஒளிர்நிற வளையமும் சேர்ந்து வரும் சைட்டாக வாங்கினால் பகலும் சேர்ந்து கிடைக்கும்.

லேசர் பொருத்திய கைப்பிடிகள் இதற்கு மாற்று என்று சொல்பவர்கள் உண்டு. சைட்டைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர முடியாத நிலையில் அவை பெரிய உதவி. காலித் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகும்போது சுவரில் ஆடும் சிவப்புப் புள்ளி, கை எங்கே நடுங்குகிறது என்பதை ஆசான் போலக் காட்டும். அதே சிவப்புப் புள்ளி உச்சிவெயிலில் பத்து மீட்டரில் தேடினாலும் கிடைக்காது. பேட்டரி தீரும், குழலுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரே ஒரு தொலைவுக்குத்தான் சரியாகப் பொருந்தும். முன்சைட்டைத் தெரிய வைத்த பிறகு லேசரையும் வைத்துக்கொள்ளலாம். லேசர் இருக்கிறது என்று முன்சைட்டைக் கைவிடுவதுதான் பிழை.

இனி உயரம். இங்கேதான் அவசரப்பட்ட அரம் அதிகத் துப்பாக்கிகளைக் கெடுத்திருக்கிறது. இந்த ரிவால்வர்களின் நிலைச்சைட், .38 ஸ்பெஷலின் வழக்கமான 158 கிரெயின் குண்டை, அதாவது 10.2 கிராம் ஈயத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. 110 கிரெயின் போன்ற இலேசான குண்டைப் போட்டால் அது கீழே போய் விழும். இலேசான குண்டு வேகமாகப் போகுமே, கீழே ஏன் விழ வேண்டும் என்று தோன்றும். குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி உதைத்து மூக்கைத் தூக்கத் தொடங்கிவிடுகிறது. முன்சைட்டின் உயரம் இந்தத் தூக்கலுக்கு ஈடாகத்தான். துப்பாக்கியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், சைட்டுகள் மட்டமாக நிற்கும்போது குழல் சற்றே தரையை நோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும். இலேசான வேகக் குண்டு மூக்கு உயர்வதற்குள் வெளியேறிவிடுகிறது, கனமான மெதுக் குண்டு உயர்ந்த பிறகு வெளியேறுகிறது. துப்பாக்கி எடை குறையக் குறைய மூக்குத் தூக்கல் கூடும், எனவே குண்டுக்குக் குண்டு வித்தியாசமும் கூடும். 400 கிராம் துப்பாக்கியில் சைட் சரியா தவறா என்ற கேள்விக்குத் தோட்டாவைக் குறிப்பிடாமல் விடையே கிடையாது. முதலில் எடுத்துச் செல்லப்போகும் தோட்டாவை முடிவுசெய்யுங்கள். 340பிடி வைத்திருப்பவர் 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று குழலிலேயே பொறித்திருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டா முடிவான பிறகு சோதனை. 7 அல்லது 10 மீட்டரில், மணல்மூட்டையில் கையைத் தாங்கி, ஐந்து ஐந்தாகக் குறைந்தது நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தாள். நான்கு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் குண்டுகளின் நடுப்புள்ளி தெரியும். அந்த நடுப்புள்ளி கீழே இருப்பதாலேயே சைட் தவறு என்று ஆகாது. இந்த ரிவால்வர்களின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும், துப்பாக்கியின் எடையோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. விசையோடு சேர்த்துக் கையே முன்னால் தலைகுனிந்து, வலக்கைக்காரரின் குண்டுகள் கீழே இடப்பக்கமாகப் போவது மிகச் சாதாரணம். எனவே நன்றாகச் சுடத் தெரிந்த இன்னொருவரை அதே தோட்டாவில் சுடச் சொல்லிப் பாருங்கள். இருவருடைய தாளும் ஒரே கதையைச் சொன்னால் மட்டுமே அது துப்பாக்கியின் கதை. அப்போது கணக்கு நேரானது: குண்டு விலகிய அளவைச் சைட் இடைவெளியால் பெருக்கித் தொலைவால் வகுக்க வேண்டும். 10 மீட்டரில் 50 மி.மீ. கீழே விழுகிறது என்றால், 50-ஐ 90-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 0.45 மி.மீ. நான்கைந்து எழுதுதாள்களின் தடிமன்தான். முன்சைட்டின் தலையில் அவ்வளவைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். முதல் நாள் பாதியளவு மட்டும் எடுத்துவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள். எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. 642-இல் அது குழலோடு ஒட்டிய உலோகம் என்பதால் தவறினால் குழலையே மாற்ற வேண்டிவரும். குண்டு மேலே போகிற துப்பாக்கிக்கு அரத்தில் மருந்தே இல்லை, உயரமான சைட்டோ இலேசான குண்டோதான். பல நேரம் தோட்டாவை மாற்றினாலே அந்த 50 மி.மீ. சரியாகிவிடும். அந்த வழியைத் தேடிப் பார்த்த பிறகே அரத்தை எடுக்கலாம்.

காடியை அகலப்படுத்துவது கடைசிப் படி. பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. 3.2 மி.மீ. காடியை 3.8 ஆக்கினால், முன்பு சொன்ன 0.4 மி.மீ. நூல் 0.9 மி.மீ. கயிறாகும். மங்கிய கண்ணுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இரு கன்னத்திலும் சமமாக எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டதால் காடியின் நடு 0.2 மி.மீ. நகர்ந்தாலே 7 மீட்டரில் 16 மி.மீ. பக்கவாட்டில் போகும். அலுமினிய பிரேமில் மேல்பூச்சு போய் வெறும் உலோகம் வெளிப்படும், அதற்குத் தனியாகப் பூச்சு வேண்டும். இது வீட்டு மேசையில் செய்யும் வேலை அல்ல. பக்கவாட்டுப் பிசகும் அப்படித்தான், குழலை மயிரிழை திருப்பியோ தனிச்சைட்டை நகர்த்தியோ சரிசெய்வது ஆர்மரரின் பொறுப்பு.

“தொழிற்சாலை யோசித்து வைத்ததை நாம் ஏன் தொட வேண்டும்?” என்ற கேள்விக்கு மரியாதை கொடுக்க வேண்டும். காடியையும் உயரத்தையும் பொறுத்தவரை என் விடையும் கிட்டத்தட்ட அதுவே. முன்சைட் தெரிவதைப் பொறுத்தவரை தொழிற்சாலைகளே தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டுவிட்டன. எம் அண்டு பி 340-இல் டிரிடியம் முன்சைட்டை ஸ்மித் அண்டு வெசனே பொருத்தித் தந்தது. 2024-இல் லிப்சீஸ் விநியோக நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த ‘அல்டிமேட் கேரி’ 442, 642 மாடல்களில் டிரிடியம் முன்சைட்டோடு, பின்சைட்டும் அகன்ற காடியுள்ள தனித்துண்டாக வந்தது. புதிதாக வாங்குபவருக்கு அப்படிப்பட்ட ஒன்றை வாங்கிவிடுவது அரம் பிடிப்பதைவிட மலிவு.

இந்த வேலைகளெல்லாம் அமெரிக்கச் சந்தையையும் அமெரிக்கச் சட்டத்தையும் வைத்துச் சொன்னவை. அங்கே தன் துப்பாக்கியின் முன்சைட்டை உரிமையாளரே மாற்றக் கூட்டரசுச் சட்டத்தில் தடையில்லை. எடுத்துச் செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தியாவிலும் இவ்வகைத் துப்பாக்கி உண்டு. கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014-இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட .32 ‘நிர்பீக்’ அரைக்கிலோ அளவிலானது. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் உருமாற்றுவதையும் உரிமத்துக்கு உட்பட்ட தொழிலாக வைத்திருக்கிறது. எனவே இங்கே மார்க்கரும் நெயில் பாலிஷும் வரைதான் வீட்டு வேலை, அரமும் ஆணியும் உரிமம் பெற்ற பட்டறைக்கு உரியவை.

வேலை முடிந்ததும் அதே தோட்டாவில், அதே தொலைவில் மறுபடி நான்கு தாள் சுடுங்கள். ஒரு சிறு அட்டையில் தோட்டாவின் பெயர், குண்டின் எடை, தொலைவு, குண்டு விழுந்த இடம், முன்சைட்டின் உயரம், டிரிடியம் என்றால் அது தயாரான ஆண்டு, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். துப்பாக்கியைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் நிறத்தின் மேல்விளிம்பைப் பாருங்கள். உறையில் உரசி முதலில் தேய்வது அந்த விளிம்புதான். தேய்ந்திருந்தால் பழைய பூச்சை முழுதாக எடுத்துவிட்டு வெள்ளையிலிருந்து மறுபடி பூசுங்கள்.